அண்ணிக்கு மட்டும் கிடைத்த பதில்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு ‘ஜெட்டு’ என்று பெயர். காலர் வைக்கும் வரிசையில் மற்றவர்கள் ஒரு சட்டையை முடித்து நிமிர்வதற்குள் அவள் அடுத்ததில் பாதி தூரம் போயிருப்பாள். சூப்பர்வைசர் புதிதாகச் சேர்ந்தவர்களை அவள் மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, “கையைப் பாருங்க, மூஞ்சியைப் பார்க்காதீங்க” என்பார். வேலையில் மட்டுமல்ல, அவளுக்கு எல்லாமே அவசரம்தான். அவள் சாப்பாட்டை மெல்லுகிறாளா, அப்படியே விழுங்குகிறாளா என்று பக்கத்து மெஷின்காரிக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடித்துவைப்பது அவளாகத்தான் இருக்கும். பாதி நேரம் தப்பாக முடிப்பாள். அதற்காக வருத்தப்பட அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

கல்யாணமாகிப் போன வீட்டில் அவளுக்கு நேர் எதிராக ஒருத்தி இருந்தாள். கணவனின் அக்கா. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் தன் அக்காவை ‘பாசஞ்சர்’ என்பான். “எங்க அக்கா எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு, இறங்குறவங்க இறங்கி, ஏறுறவங்க ஏறி, கொடி காட்டினப்புறம்தான் கிளம்பும்” என்று சொல்லிச் சிரிப்பான். அக்காவுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தம்பி வீட்டோடு இருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்த்தாள். சின்னப் பைகளில் மண் நிரப்பி, முளைத்த கன்றுகளை வேர் அறாமல் பிரித்து நடுகிற வேலை. அந்த வேலைக்கு அவளுடைய வேகம் சரியாக இருந்தது. வீட்டில்தான் பிரச்சினை. அவள் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் ஜெட்டு சமையலை முடித்து, பாத்திரத்தையும் கழுவியிருப்பாள்.

ஜெட்டு அவளை “அண்ணி” என்றுதான் கூப்பிட்டாள். முதல் வருஷம் இருவருக்கும் சண்டையே வரவில்லை. சண்டைக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் தயாராக வேண்டுமே!

ஜெட்டு கர்ப்பமாகி எட்டாம் மாதம் தொடங்கிய சமயம். ஒரு காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது ஜெட்டுவின் வயிறு பலகையாக இறுகியது. அப்புறம் ரத்தம். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று சொல்லி, அவசரமாக அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. வெளியே வந்தவன் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. கதவுக்கு வெளியே நின்ற கணவன் அந்த அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னான். வந்தது மெஷின்களின் சத்தம்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவனை வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மார்பு, அதன்மேல் ஒட்டிய ஒயர்கள், மூக்கில் குழாய். ஜெட்டு வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். செய்வதற்கு அவள் கைக்கு எதுவுமே இல்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு நிலைமை அவளுக்கு வந்ததில்லை.

உச்சந்தலைக் குழி வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் கழித்துப் பெரிய மெஷினில் வைத்தும் பார்த்தார்கள். குழந்தைகள் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“மூளைல ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குச் செய்தி போறதுக்கு நீள நீளமா இழைங்க இருக்கு. அந்த இழைமேல கொழுப்பால ஒரு உறை சுத்தணும். சுத்தினாத்தான் செய்தி வேகமா ஓடும். அந்தக் கொழுப்பாலதான் அந்தப் பகுதி வெள்ளையா இருக்கு. வெண்பொருள்னு சொல்வோம்.”

“என் பையனுக்கு அது இல்லையா?” என்றாள் ஜெட்டு.

“இருங்க, சொல்றேன். உறையைச் செய்யறதுக்குன்னு தனியா செல்லுங்க இருக்கு. இந்த மாசத்துக் குழந்தைக்கு அதெல்லாம் பிஞ்சு. ஆக்சிஜன் இல்லேன்னா முதல்ல அடிவாங்கறது அதுங்கதான். கொஞ்சம் செத்துப்போகும். மிச்சம் சாகாது, ஆனா முதிராம அப்படியே நின்னுடும். அது நிக்கறதால உறை சுத்தறதும் தள்ளிப்போகும். சில இடத்துல சுத்தாமலேகூடப் போகலாம்.”

கணவன் மெதுவாகக் கேட்டான். “அதனால என்ன ஆகும் டாக்டர்?”

“காலுக்குக் கட்டளை கொண்டுபோற இழைங்க, அடி பட்ட இடத்து வழியாத்தான் ஓடுது. அதனால கால் ரெண்டும் விறைக்கலாம். நடக்க லேட்டாகும், பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கலாம். மத்தபடி கண்ணு, காது, புரிஞ்சுக்கறது எல்லாம் எப்படி இருக்கும்னு வளர வளரத்தான் தெரியும். மூளை இன்னும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாம பேசப்பேச, பழக்கப்பழக்க, அதுவும் கொஞ்சம் வழி பண்ணிக்கும்.”

“எப்போ சரியாகும்?” என்றாள் ஜெட்டு.

“அதுக்கு நான் தேதி சொல்ல முடியாதும்மா.”

வீட்டுக்கு வந்ததும் ஜெட்டு தன் வேகம் முழுவதையும் பையன்மேல் கொட்டினாள். கத்தரிக்கோல்போலக் குறுக்கே போகும் கால்களைப் பிரித்து நீட்டுகிற பயிற்சியை இரண்டு தடவை பார்த்ததுமே கற்றுக்கொண்டாள். பொம்மை, கிலுகிலுப்பை, கலர் துணி என்று எதைக் கண்டாலும் வாங்கினாள். பேசினாள், பாடினாள், கேள்விமேல் கேள்வி கேட்டாள். “பந்து எங்க? இதோ பந்து. அம்மா எங்க? இதோ அம்மா. சிரி பார்க்கலாம், சிரிக்க மாட்டியா, சரி போ.” பையன் சுவரைப் பார்த்தபடி இருப்பான். சில சமயம் அவள் குரலில் திடுக்கிட்டுக் கைகளை விரிப்பான்.

ஒரு வயது தாண்டியதும் அவள் மதிய ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்தாள். அண்ணிக்குப் பண்ணையில் காலை வேலை. மத்தியானம் வாசலில் வைத்துப் பையன் கைமாறுவான். அண்ணி கையைத் துடைத்து வாங்குவதற்குள் ஜெட்டுவுக்குப் பஸ் போய்விடும் போலிருக்கும்.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் போய், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாயில் அண்ணி பையனைத் தன் மடியில் சாய்த்து வைத்திருந்தாள்.

“லைட் எங்க?” என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். வேறு எதுவும் பேசவில்லை. விரலை நீட்டவில்லை. அசையக்கூட இல்லை. பையன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதையே மறந்துவிட்டாளோ என்று ஜெட்டுவுக்குத் தோன்றியது. உள்ளே போகக் காலை எடுத்து வைத்தாள். அப்போது பையனின் தலை நகர்ந்தது. கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்தது. கண்கள் சுவரில் ஏறி, கூரைக்குப் போய், எரியாத அந்த விளக்கில் நின்றன. அப்புறம் அண்ணியின் முகத்துக்கு இறங்கி வந்தன. வாய் ஒரு பக்கமாக விரிந்தது. சிரித்தான்.

“அதேதான்டா ராஜா” என்றாள் அண்ணி. ஏதோ தினமும் நடக்கிற சமாச்சாரம்போலச் சொன்னாள்.

ஜெட்டுவுக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷம். வந்தது வேறு. அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. அறுத்து எடுத்தது தன் வயிற்றை. பெட்டிக்கு வெளியே நின்று செத்துப் பிழைத்தவளும் அவள்தான். சிரிப்பு மட்டும் அங்கே போயிருக்கிறது! கதவை வேண்டுமென்றே ‘டமால்’ என்று தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பையன் தூக்கிவாரிப்போட்டு அழுதான்.

“வந்துட்டியா? இவன் இப்போ என்ன பண்ணான்னு…” என்று அண்ணி ஆரம்பித்தாள்.

“தெரியும், தெரியும்” என்று பையனைப் பிடுங்கிக்கொண்டாள் ஜெட்டு.

அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் கேட்டாள். “லைட் எங்க? கண்ணா, லைட் எங்கடா? மேல பாரு, மேல. அத்தைகிட்ட காட்டினல்ல? அம்மாகிட்ட காட்டு. லைட்டு!” பையன் சுவரைப் பார்த்தான். அவள் சலித்துப்போய் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாகப் பையனின் சட்டையைக் கழற்றி ஊறப்போடுவாள். அதில் அண்ணியின் கைமண் வாசமும் இலை வாசமும் அடிக்கும். “அழுக்கா இருக்கு” என்பாள். அண்ணி அவனுக்குப் பிடிக்கும் என்று எடுத்துவைத்த ஸ்பூனை எங்கேயோ செருகிவிட்டு வேறு ஸ்பூனில் ஊட்டுவாள். கணவன், “இன்னிக்கு அக்கா கேட்டதும் காத்தாடியப் பார்த்தானாம்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னால், “காத்து அடிச்சிருக்கும், பார்த்திருப்பான்” என்று வெட்டிவிடுவாள். தைக்கும்போது காலர்கள் வழக்கம்போல ஓடின. மனசு மட்டும் வீட்டில், அந்தப் பாயில், அண்ணியின் மடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது எதைக் கேட்பாள்? எதைக் காட்டுவான்? எத்தனை சிரிப்பு சிரித்திருப்பான்? ஒரு நாள் ஊசி விரலில் ஏறியது. அதற்கும் அண்ணிதான் காரணம் என்று அவளுக்குப் பட்டது.

பையனுக்கு இரண்டு வயது ஆனபோது டாக்டர் ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார். சொல்வது புரிகிற குழந்தைகளுக்கு அங்கே படங்களை வைத்துப் பேசப் பழக்கும் வகுப்பு இருந்தது. புரிகிறதா என்று சரியாகத் தெரியாதவர்களுக்கு முதலில் கை கால் பயிற்சி மட்டும். எதில் சேர்ப்பது என்று பார்க்கத்தான் அழைத்திருந்தார்கள். கணவனுக்கு எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்துவிட்டது. அண்ணிதான் கூட வந்தாள். பையனின் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே பேச்சுப் பயிற்சி தரும் இளம்பெண் கேட்டாள். “வீட்ல யார்கிட்ட நல்லா பதில் காட்டறான்? அவங்க வந்திருக்காங்களா?”

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சின் கால் ஜெட்டுவின் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணியின் செருப்பும் தெரிந்தது.

“என்கிட்டதாங்க” என்றாள்.

“அப்போ நீங்களே கேளுங்க.”

“லைட் எங்க? லைட் எங்க கண்ணா? இங்க பாரு, மேல பாரு, அதோ…”

“கொஞ்சம் விடுங்கம்மா. அவனா பண்ணட்டும்.”

அவளால் விட முடியவில்லை. அறையில் அமைதி விழுந்தாலே தன்னை யாரோ எடைபோடுவதுபோல இருந்தது. “தூக்கக் கலக்கம். இல்லேன்னா உடனே காட்டிடுவான். டேய், லைட்டு!” பந்து எங்கே, மணி எங்கே என்றும் அந்தப் பெண் கேட்டுப் பார்த்தாள். பையன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து போய் அண்ணியைக் கூப்பிட்டால் போதும். அது அவளுக்குத் தெரியும். கால் எழவில்லை. இந்தப் பெண்ணின் கண் முன்னால் அவன் அண்ணியைப் பார்த்துச் சிரிப்பதைவிட, யாரைப் பார்த்துமே சிரிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கே குப்பென்று வியர்த்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி ஆவலாகக் கேட்டாள். “லைட்டப் பார்த்தானா?”

“பார்த்தான்.”

“சிரிச்சானா?”

“சிரிச்சான் அண்ணி. வாங்க, பஸ் வந்துடும்.”

மையத்திலிருந்து கணவனுக்குப் போன் வந்தது. பையனுக்குச் சொல்வது புரிவதாகத் தெரியவில்லை, கை கால் பயிற்சிக்கு மட்டும் கூட்டிவரச் சொன்னார்கள். அவன் அதை வீட்டில் சொல்லிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணி தம்பியைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள்.

அண்ணியின் கோபம் வந்துசேரச் சில நாட்கள் ஆயின. ஒரு மத்தியானம், பையனைக் கைமாற்றும் நேரத்தில் வந்தது.

“பார்த்தான்னு சொன்னியே?”

ஜெட்டு பையை மாட்டிக்கொண்டே, “பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி” என்றாள்.

“போகட்டும் பஸ்ஸு. சிரிச்சான்னும் சொன்ன. நான் வெளியதானே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்னைக் கூப்பிடலை?”

மெதுவான குரல்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. ஜெட்டுவுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது.

“ஏன் கூப்பிடணும்? நீங்க வந்து உட்கார்ந்ததும் அவன் பல்லைக் காட்டுவான், எல்லாரும் நீங்கதான் அம்மான்னு நினைச்சுக்கட்டும்னா? பத்து மாசம்கூட என் வயித்துல இருக்கக் குடுத்துவைக்கலை. வந்தப்புறமாவது எனக்குன்னு ஏதாவது இருக்கா? என்னை அவன் ஒரு தடவை பார்த்திருப்பானா? என்ன மருந்து வெச்சீங்க அவனுக்கு? ஆமா, எனக்குப் பொறாமைதான். வயிறு எரியுது. போதுமா?”

அண்ணி பையனை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். ஜெட்டு அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கையைத் தூக்கித் தடுத்தாள்.

“உன்னையும் பார்க்கிறான்” என்றாள். “உனக்குத்தான் தெரியாது. நீ கேட்டுட்டு உடனே எழுந்து போயிடற. நீ போனப்புறம்தான் அவன் தலை திரும்புது. லைட்டப் பார்ப்பான். அப்புறம் நீ இருந்த இடத்தப் பார்ப்பான். நீ அடுப்படியில இருப்ப.”

ஜெட்டு தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்தாள்.

“சிரிப்பான்கூட. எத்தனை தடவை பார்த்திருக்கேன்! சொல்ல வருவேன், அதுக்குள்ள நீ ‘தெரியும் தெரியும்’னுடுவ.”

அன்று பஸ் போயிற்று, ஷிஃப்டும் போயிற்று. வாசற்படியிலேயே உட்கார்ந்து ஜெட்டு அழுதாள். தனக்குக் கிடைக்காததற்காக இத்தனை நாள் வெந்தாள். இப்போது, வந்து வந்து திரும்பிப்போனதற்காக அழுகை வந்தது. காலியான இடத்தைப் பார்த்து அவன் எத்தனை முறை சிரித்தானோ!

மறுநாள் பாயில் அவளை உட்காரவைத்துப் பையனை மடியில் கொடுத்தாள் அண்ணி. “ஒரே ஒரு தடவை கேளு. அப்புறம் வாயைத் திறக்காத.”

“லைட் எங்க?” என்றாள் ஜெட்டு.

காத்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அடியில் பெடல் இருப்பதுபோல வலது கால் தானாகத் தட்டியது. அண்ணி அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள். “கேட்கலையோ…” என்று ஆரம்பித்தாள் ஜெட்டு. அதற்குள் பையன் நகர்த்திய தலை அவள் குரலில் கலைந்து பழைய இடத்துக்குப் போய்விட்டது. முதல் நாள் அப்படிப் போயிற்று. அடுத்த நாளும் சரிப்படவில்லை. அவள் எரிச்சலில், “எனக்கு இதெல்லாம் வராது” என்று எழுந்துவிட்டாள். அண்ணி வற்புறுத்தவில்லை.

அப்புறம் ஒரு காலை, அண்ணி வேலைக்குப் போயிருந்தபோது, கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முகத்துக்குப் பையனின் கண்கள் விளக்கிலிருந்து இறங்கி வந்தன. வாய் ஒரு பக்கமாக விரிந்தது. அவள் அவனை அள்ளிக்கொண்டாள். பையன் பயந்து அழுதான். இவளும் அழுதாள். பார்க்க யாருமில்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. அண்ணியிடம்கூட அன்று முழுக்கச் சொல்லவில்லை. இது ஒன்றாவது தனக்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மையத்துக்கு மறுபடி போனபோது அண்ணியைக் கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். “இவங்ககிட்டயும் காட்டுவான், என்கிட்டயும் காட்டுவான். ஆனா லேட்டாகும். நீங்க பொறுமையா பார்க்கணும்” என்றாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?” என்றாள் பயிற்சிப் பெண்.

“பொறாமைங்க” என்றாள் ஜெட்டு. அந்தப் பெண் பந்தைக் கையில் எடுத்தாள்.

அன்று பந்து, மணி, விளக்கு எல்லாவற்றையும் பையன் காட்டினான். பேச்சு வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். செய்தி போக நேரமாகிறது, திரும்பி வரவும் நேரமாகிறது, ஆனால் போகிறது, வருகிறது என்று டாக்டரும் சந்தோஷப்பட்டார். கால்கள் டாக்டர் முதலில் சொன்னபடியேதான் ஆயின. முட்டிக்குக் கீழே கட்டும் தாங்குபட்டைகளும் தள்ளிக்கொண்டு போகும் வண்டியும் இல்லாமல் அவனால் நிற்க முடியவில்லை. அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

அவன் பேசிய முதல் வார்த்தை ‘த்தை’.

“அது ‘கத்தை’யா இருக்கும், ‘நத்தை’யாகூட இருக்கும்” என்று கணவன் அவளைச் சமாதானப்படுத்திப் பார்த்தான். ஜெட்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிறவரை நின்றாள். வெளியே வந்து, “ஆமாடா, அத்தைதான்” என்று பையனுக்குச் சொன்னாள். ‘அம்மா’ வர மேலும் பல மாதங்கள் ஆயின. அதற்குக் காத்திருந்ததுதான் அவள் வாழ்க்கையில் காத்திருந்ததிலேயே பெரிது.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பண்ணையிலிருந்து கன்றுகளை ஏற்றிப்போகும் வேன் டிரைவர், மனைவியை இழந்தவர், அண்ணியைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்கிறவரை காத்திருக்கவும் செய்தாராம். அந்த ஒன்றிலேயே மனுஷன் தேறிவிட்டார் என்றான் கணவன். கல்யாணம் முடிந்து அண்ணி வேறு ஊருக்குப் போனாள்.

வண்டி தெருமுனை திரும்பியபோது ஜெட்டுவுக்கு உள்ளூர நிம்மதிதான். இனி பையன் முழுக்கத் தனக்கு. அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மத்தியானமானால் காது வாசலுக்குப் போனது. இன்று வகுப்பில் அவன் என்ன செய்தான் என்று சொன்னால், முழுசாகக் கேட்டு முடித்துப் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. இப்போது அவளுக்கு அந்த வேன் டிரைவர்மேல் வயிறு எரிந்தது. தினமும் எதிரில் உட்கார்ந்து அண்ணியோடு பேசிக்கொண்டிருப்பார் அல்லவா! “அவரு அப்படி என்ன பண்ணிட்டாருன்னு அண்ணிய அப்படியே தூக்கிக் குடுத்துட்டோம்” என்று அவள் முணுமுணுக்க, கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

வாரக் கடைசியில் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். போன வாரம் அண்ணி திரைக்குள்ளிருந்து, “ஸ்கூல்ல உனக்கு யாருடா ஃபிரண்டு?” என்று கேட்டாள். பையன் தலையைச் சாய்த்து யோசித்தான். அந்தப் பக்கம் அண்ணி அசையாமல் இருந்தாள். இந்தப் பக்கம் ஜெட்டு அசையாமல் இருந்தாள். அண்ணிக்குப் பின்னாலிருந்து வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன, படம் அப்படியே நின்னுபோச்சு? நெட்டு போயிடுச்சா? கட் பண்ணித் திரும்பப் போடு…”

“இருங்க!” என்று இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பெண்கள் ஒரே குரலில் அதட்டினார்கள்.

வேன் டிரைவர் போனுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பையன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.